சுவரில் மாட்டிய படம் ஏன் வெளுக்கிறது?

ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ கொஞ்சம் பழைய மளிகைக் கடை ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் எப்போதோ ஒட்டிய விளம்பரத் தாள் ஒன்று இருக்கும். அதில் சிரிக்கும் பெண்ணின் முகம் நீலம். அவர் கையில் இருக்கும் பிஸ்கட்டும் நீலம். பின்னால் இருக்கும் வயல்வெளியும் நீலம். முடிதிருத்தும் கடையில் மாட்டியிருக்கும் தலைமுடி அலங்காரப் படங்களிலும் இதே நீலத்தைப் பார்த்திருப்பீர்கள்.

அச்சிட்டவர் அப்படி அச்சிடவில்லை. மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை, கறுப்பு என்று நான்கு மைகளைக் கொண்டு முழு வண்ணத்தில்தான் அச்சிட்டார். வெளிச்சம் மஞ்சளையும் மெஜந்தாவையும் தின்றுவிட்டது. தாக்குப்பிடித்த நீலப்பச்சையும் கறுப்பும் மட்டும் தாளில் எஞ்சி நிற்கின்றன.

விளம்பரத் தாள் போனால் போகட்டும், புதிதாக ஒன்று அச்சிட்டுக் கொள்ளலாம். ஆனால் இதே வேலையை வெளிச்சம் நம் வீட்டு வரவேற்பறையிலும் செய்துகொண்டிருக்கிறது. தாத்தா பாட்டியின் திருமணப் படம், அப்பா ஆறாம் ஆண்டு படித்தபோது எடுத்த வகுப்புப் படம், அக்காவின் பட்டமளிப்புச் சான்றிதழ் எல்லாம் அதே சுவரில்தான் மாட்டியிருக்கின்றன.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, பல ஆண்டுகளாகச் சுவரில் தொங்கும் வண்ணப் படம் ஒன்றைப் பிரேமிலிருந்து மெதுவாக வெளியே எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். தானாக வெளியே வந்தால் அதன் ஓரத்தைக் கவனியுங்கள். பிரேமின் விளிம்புக்குள் மறைந்திருந்த மெல்லிய பட்டையில் நிறம் அடர்த்தியாக இருக்கும். அதுதான் படத்தின் உண்மையான நிறம். நடுவில் இருப்பது, இத்தனை ஆண்டு வெளிச்சத்துக்குப் பிறகு மிஞ்சியது.

ஒரே ஒரு பிரதி

ஜொகூரில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. கூலாய், ரெங்கம், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் நம் முன்னோர் வாழ்ந்த ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்து மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் போன்ற நகர்ப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். பல இடங்களில் லயன் வீடுகள் இல்லை. பால் நிறுக்கும் கொட்டகை இல்லை. பள்ளிக்கூடமும் வேறிடம் போய்விட்டது.

அந்த வாழ்க்கைக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் காகிதமும் துணியும்தான். தோட்டத்துத் திருவிழாவில் எடுத்த ஒரு படம், பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கப்பலில் வந்தவர் எழுதிய கடிதம், பள்ளியின் முதல் தலைமையாசிரியர் படம், பாட்டியின் கூறைப்புடவை. இவற்றில் பலவற்றுக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. படம் எடுத்த ஸ்டூடியோ மூடப்பட்டிருக்கும். நெகட்டிவ் எப்போதோ தொலைந்திருக்கும்.

கிழிந்த தாளை ஒட்டலாம். அழுக்கைத் துடைக்கலாம். பூஞ்சணத்தைக்கூட நிபுணர்கள் அகற்றுவார்கள். வெளிச்சத்தில் போன நிறத்தை மட்டும் யாராலும் அதே தாளில் திரும்பக் கொண்டுவர முடியாது. நிறம் தந்த மூலக்கூறே உடைந்துவிட்டது; மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கதிர்

1801ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் ஒரு சோதனை செய்தார். வெள்ளிக் குளோரைடு என்ற உப்பு, வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் ஏழு நிறங்களாகப் பிரித்து, எந்த நிறத்தில் அந்த உப்பு விரைவாகக் கறுக்கிறது என்று பார்த்தார். ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருண்ட இடத்தில்தான் அது மிக விரைவாகக் கறுத்தது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரைத்தான் இன்று புற ஊதா என்கிறோம். ஒரு பொருளைக் கெடுக்கும் வேலையில் இருந்தபோதே அது கையும் களவுமாகப் பிடிபட்டது எனலாம்.

இயற்பியல் படிப்பவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். ஒளித்துகளின் ஆற்றல் அதன் அலைநீளத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கிறது. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. புற ஊதா 400க்குக் கீழே.

வேதியியல் படிப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 550 நானோமீட்டர் பச்சை ஒளியில் ஒரு மோல் ஒளித்துகள்களின் ஆற்றல் சுமார் 217 கிலோஜூல். 350 நானோமீட்டர் புற ஊதாவில் அதுவே சுமார் 342 கிலோஜூல். ஒரு கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 348 கிலோஜூல் தேவை. புற ஊதா அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. காகிதம், பட்டு, பருத்தி, சாயம் எல்லாமே கார்பன் சேர்மங்கள். அதனால்தான் புற ஊதா பட்ட இடத்தில் நிறம் மட்டும் போவதில்லை, இழையே வலுவிழக்கிறது. பழைய பட்டுப் புடவை மடிப்பு வழியே தானாகக் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். இயற்கை இழைகளில் பட்டு வெளிச்சத்துக்கு மிகவும் இளைத்தது.

எந்த விளக்கில் எவ்வளவு?

"எங்கள் வீட்டுக்குள் வெயிலே வராதே, விளக்கு வெளிச்சம்தானே" என்று சிலர் கேட்கலாம். விளக்குக்கு விளக்கு வேறுபாடு உண்டு.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பல்லாண்டுகளாக எரிந்தது டியூப் லைட். அந்தக் குழலுக்குள் இருப்பது பாதரச ஆவி. மின்சாரம் பாயும்போது அது முக்கியமாக 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாவைத்தான் வெளியிடுகிறது. குழலின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. கண்ணாடியும் பொடியும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இருந்தாலும் 365 நானோமீட்டர் போன்ற சில அலைநீளங்கள் கொஞ்சம் கசிந்து வெளியே வரும். ஒரு நாளில் அது பொருட்டில்லை. படத்துக்கு ஒரு அடி மேலே பத்து ஆண்டு எரிந்தால் பொருட்டுதான்.

ஹாலஜன் விளக்கின் உறை குவார்ட்ஸால் ஆனது. குவார்ட்ஸ் புற ஊதாவை எளிதில் விட்டுவிடும். அதோடு வெப்பமும் அதிகம். பழைய குண்டு பல்பு அதிக மின்சாரம் தின்றாலும் அதில் புற ஊதா குறைவு.

இன்று கடைகளில் கிடைக்கும் வெள்ளை எல்இடி விளக்குகள் பெரும்பாலும் 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியிலிருந்து தொடங்கி, மஞ்சள் பொடியின் உதவியால் வெள்ளை ஒளியைத் தருகின்றன. அவற்றில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. பாதரசம் பற்றிய மினமாத்தா ஒப்பந்த நாடுகள் 2027ஆம் ஆண்டுக்குள் டியூப் லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2023இல் முடிவு செய்தன. எனவே குழல் விளக்கின் புற ஊதா தொல்லை மெல்ல மெல்ல ஓயப்போகிறது.

ஆனால் வீட்டுக்குள் புற ஊதாவை அதிகம் கொண்டுவருவது விளக்கு அல்ல, சன்னல். சாதாரணச் சன்னல் கண்ணாடி, நம் தோலைச் சுடும் குறைந்த அலைநீளப் புற ஊதாவைப் பெரும்பாலும் தடுக்கிறது. 330 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. படத்தின் முன்னால் இருக்கும் சாதாரணக் கண்ணாடியும் அப்படித்தான். "கண்ணாடி போட்டுத்தானே மாட்டியிருக்கிறோம்" என்ற தைரியம் தூசிக்குப் பொருந்தும்; வெளிச்சத்துக்குப் பொருந்தாது.

புற ஊதாவைத் தடுத்தால் போதுமா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புற ஊதா தடுக்கும் கண்ணாடி, புற ஊதா தடுக்கும் படலம், எல்இடி விளக்கு என்று வாங்கிப் போட்டுவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். கவலை குறைகிறது, தீரவில்லை.

நம் அம்மாக்களுக்குத் தெரிந்த ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தி மஞ்சள் கறை பட்டால், துவைத்து வெயிலில் போடுவார்கள். மாலைக்குள் கறை மங்கிவிடும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற பொருள், ஒளியை உறிஞ்சிச் சிதைகிறது. மஞ்சள் நமக்கு மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணமே, அது நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதுதான். அந்த நீல ஒளி கண்ணுக்குத் தெரியும் ஒளி. புற ஊதா முழுவதையும் வடிகட்டினாலும் மஞ்சள் வெளுக்கும். கொஞ்சம் மெதுவாக வெளுக்கும், அவ்வளவுதான்.

ஒரு சாயம் நிறமாகத் தெரிய வேண்டுமானால் அது ஒளியை உறிஞ்சியே ஆக வேண்டும். உறிஞ்சிய ஆற்றல் எங்காவது போக வேண்டும். சில மூலக்கூறுகள் அதை வெப்பமாக விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். சில மூலக்கூறுகள் அந்தக் கிளர்ந்த நிலையிலேயே பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து நிறமற்ற வேறு பொருளாகிவிடும்.

1888ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ண ஓவியங்கள் ஏன் வெளுக்கின்றன என்று ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தனர். காற்றும் ஈரமும் இல்லாத குழாய்க்குள் வைத்த நிறங்களில் பெரும்பாலானவை எளிதில் வெளுக்கவில்லை என்று அவர்கள் கண்டனர். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் தேங்கி நிற்கும் ஜொகூரில் வாழும் நாம் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆக, செய்தி இதுதான்: புற ஊதா மிகக் கொடியது, ஆனால் எல்லா வெளிச்சமும் தேய்க்கிறது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் குறைத்தால்தான் காப்பாற்ற முடியும்.

லக்ஸ் கணக்கு

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். நேரடி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமான வகுப்பறை 300 முதல் 500 லக்ஸ். மாலை நேர வரவேற்பறை 150 லக்ஸ் இருக்கலாம்.

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் பணியாற்றிய கேரி தாம்சன் என்ற அறிவியலாளர், அருங்காட்சியகச் சூழல் பற்றி 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் என்பது அந்த நூலின் வழியே உலகெங்கும் பரவிய அளவு. ஒரு லூமென் ஒளியோடு 75 மைக்ரோவாட்டுக்கு மேல் புற ஊதா வரக்கூடாது என்பதும் அதனோடு சேர்ந்த விதி. லக்ஸ் மானி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே அளக்கும்; புற ஊதாவுக்குத் தனி மானி வேண்டும். அதனால்தான் இரண்டு அளவுகள்.

பிறகு வந்த பன்னாட்டு ஒளியியல் ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆண்டுக்கு எவ்வளவு என்று மொத்தக் கணக்கும் சொன்னது. மிக எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி. அதாவது 50 லக்ஸ் வெளிச்சத்தில் 300 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் என்றால், ஆண்டில் ஐந்து வாரத்துக்குச் சற்று கூடுதலாக மட்டுமே காட்டலாம்.

இப்போது நம் கணக்கைப் போடுவோம். 150 லக்ஸ் வரவேற்பறையில் தினமும் 5 மணி நேரம் விளக்கு எரிந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 74 ஆயிரம் லக்ஸ்-மணி. அந்த எல்லையைப் போல் 18 மடங்கு. 400 லக்ஸ் பள்ளி நடைக்கூடத்தில் நாளுக்கு 8 மணி நேரம், 200 பள்ளி நாள் என்று வைத்தால் 6 லட்சத்து 40 ஆயிரம். எல்லையைப் போல் 40 மடங்குக்கும் மேல். நேரடி வெயிலில் வைத்தாலோ, ஓராண்டுக்கான அளவு 9 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் கழித்தல் கிடையாது. இன்று பட்ட வெளிச்சம் நாளை இருட்டில் வைத்தால் திரும்பிப் போகாது. வங்கிக் கணக்கில் பணம் போடவே வழியில்லாமல், எடுப்பது மட்டும் நடந்துகொண்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான்.

பெரியவர்களும் இழந்திருக்கிறார்கள்

அமெரிக்காவின் 1776ஆம் ஆண்டு சுதந்திரப் பிரகடனத்தின் கையொப்பமிட்ட மூலத் தாள், 1841 முதல் 1876 வரை 35 ஆண்டுகள் வாஷிங்டனில் ஓர் அரசுக் கட்டடத்தில், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டப்பட்டிருந்தது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். இன்று அதன் எழுத்துகளைப் படிப்பதே கடினம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக மார்க் ரோத்கோ வரைந்த பெரிய ஓவியங்கள் 1964இல் ஓர் உணவுக் கூடத்தில் மாட்டப்பட்டன. தரையிலிருந்து கூரை வரை சன்னல். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சம் தாங்காதது. 1979இல் ஓவியங்களைக் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. 2014இல் அவற்றை மீண்டும் காட்டியபோது, ஓவியத்தின் மேல் யாரும் தூரிகை வைக்கவில்லை. கணினி கணக்கிட்ட வண்ண ஒளியை ஓவியத்தின் மேல் வீசி, போன நிறம் இருப்பதுபோல் காட்டினார்கள். ஒளிவீச்சை நிறுத்தியதும் வெளுத்த ஓவியம் மறுபடி தெரியும். உலகின் பணக்காரப் பல்கலைக்கழகம் ஒன்றாலும் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

நீரிணைக்கு அப்பால் ஒரு பாடம்

ஜொகூர் நீரிணைப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகம். அங்கே வில்லியம் ஃபர்குவார் தொகுப்பு என்ற 477 ஓவியங்கள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவிலும் பின்னர் சிங்கப்பூரிலும் அதிகாரியாக இருந்த ஃபர்குவார், பெயர் தெரியாத சீன ஓவியர்களைக் கொண்டு இந்த வட்டாரத்தின் மரம், செடி, பறவை, விலங்குகளை நீர்வண்ணத்தில் வரையச் செய்தார். நம் காட்டின் பழைய முகம் அது.

அருங்காட்சியகம் அத்தனையையும் ஒரே நேரத்தில் மாட்டி வைக்கவில்லை. ஒரு பகுதியை மங்கலான ஒளியில் காட்டும், பிறகு அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு வேறு பகுதியை எடுக்கும். 2016இல் இன்னொரு வழியும் கண்டது. ஜப்பானின் டீம்லேப் கலைக்குழு, அத்தொகுப்பின் 69 ஓவியங்களைக் கொண்டு, அருங்காட்சியகத்தின் வட்டக் கூடம் முழுவதும் அசைந்தாடும் ஒளிக்காட்சி ஒன்றை உருவாக்கியது. பார்வையாளர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதைப் பார்க்க முடிந்தது. அதற்காக மூலத் தாள் ஒரு நொடிகூட வெளிச்சத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

சென்னையில் 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இதே வழியில்தான் போகிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் அங்கே நுண்படமாகவும் மின்படமாகவும் ஆக்கப்பட்டுள்ளன. படிப்பவர் கைக்குப் படம் போகிறது. மூலத் தாளுக்கு ஓய்வு கிடைக்கிறது.

மூலத்துக்கு இருட்டு, நகலுக்கு வெளிச்சம். அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும் இந்த விதி நம் வீட்டுச் சுவருக்கும் அப்படியே பொருந்தும்.

எது தாங்கும், எது தாங்காது?

ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். சுவர், தூண், கூரை என்று சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்னுகின்றன. அவை வெளுக்குமா? கவலை வேண்டாம். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் கல்லுக்கும் நிறம் தருபவை பெரும்பாலும் உலோகச் சேர்மங்கள். சாதாரண வெளிச்சம் அவற்றை அசைக்காது.

கறுப்பு-வெள்ளைப் புகைப்படத்தில் உருவத்தைத் தருவது நுண்ணிய வெள்ளித் துகள். வெளிச்சத்தை அது ஓரளவு தாங்கும். அதற்குப் பகை ஈரமும் பூஞ்சணமும். ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கையால் தீட்டிய கன்னச் சிவப்பும் புடவை நிறமும் எளிதில் போய்விடும்.

வண்ணப் புகைப்படம், வீட்டு அச்சுப்பொறியில் சாய மையால் எடுத்த படம், பந்துமுனைப் பேனாவின் கையெழுத்து, மார்க்கர் பேனா எழுத்து, சாயமிட்ட பட்டு ஆகியவை மிகவும் இளைத்தவை. சான்றிதழில் அச்செழுத்து அப்படியே இருக்க, முதல்வரின் கையொப்பம் மட்டும் காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சு மையில் கரி இருக்கிறது. பேனா மையில் சாயம் இருக்கிறது.

நாளிதழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி. புற ஊதா பட்டால் அது பழுப்பாகிவிடும். இந்தப் பக்கத்தையே பாதி மூடி ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். கோடு போட்டதுபோல் தெரியும்.

இன்னொரு நுணுக்கம். 1970களின் வண்ணப் படங்கள் சில, ஆல்பத்துக்குள் மூடியே இருந்தும் செம்மை படிந்து கிடக்கும். அது வெளிச்சத்தின் வேலை அல்ல. அந்தக் காலத்துத் தாளில் இருந்த நீலப்பச்சைச் சாயம் இருட்டிலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்துவிட்டது. கடைச் சுவரில் நீலமான தாள் வெளிச்சத்தைக் குற்றம் சாட்டுகிறது. ஆல்பத்தில் சிவந்த படம் வெப்பத்தைக் குற்றம் சாட்டுகிறது. ஆகவே இருட்டு மட்டும் போதாது. உலர்ந்த, கூடியவரை குளிர்ந்த இடமும் வேண்டும்.

மஞ்சள் துணிச் சோதனை

அருங்காட்சியகங்கள் நீலக் கம்பளித் துண்டுகள் எட்டு ஒட்டிய ஓர் அட்டையைப் பயன்படுத்துகின்றன. முதல் துண்டு மிக விரைவில் வெளுக்கும்; எட்டாவது மிக மெதுவாக. எத்தனையாவது துண்டு வரை வெளுத்தது என்று பார்த்து, அந்த இடத்தின் வெளிச்சம் எவ்வளவு கடுமை என்று தெரிந்துகொள்வார்கள்.

நாம் மஞ்சளைக் கொண்டு எளிய மாற்று செய்யலாம். வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சள் தூள் கலந்த வெந்நீரில் நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். விரல் நீளப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பாதியையும் அலுமினியத் தாளால் சுற்றுங்கள். ஒன்றைச் சன்னல் பக்கத்திலும், ஒன்றைக் குடும்பப் படம் மாட்டிய சுவரிலும், ஒன்றைப் பள்ளிக் காட்சிப் பெட்டிக்குள்ளும், ஒன்றை மூடிய அலமாரிக்குள்ளும் வையுங்கள். பின்புறம் தேதி எழுதி, வாரம் ஒருமுறை கைப்பேசியில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். புற ஊதா தடுக்கும் படலம் கிடைத்தால் ஒரு பட்டையை அதன் பின்னாலும் வைக்கலாம். படலம் எவ்வளவு உதவுகிறது, எவ்வளவு உதவவில்லை என்பது இரண்டும் தெரியும். அறிவியல் கழகத்துக்கு நல்ல ஆய்வு இது; செலவு சில ரிங்கிட்தான்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

முதலில் நகல் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசி போதும். ஒளித்தெறிப்பை அணைத்துவிட்டு, மேகம் மூடிய பகலில் சன்னலோரம் வைத்து நேராகப் படமெடுங்கள். சில நிமிட வெளிச்சத்தால் பெரிய கேடு இல்லை. இரண்டு இடங்களில் சேமியுங்கள். நகலை அச்சிட்டுப் பிரேமில் மாட்டுங்கள். அது வெளுத்தால் மறுபடி அச்சிடலாம்.

மூலத்தை அமிலமற்ற தாள் உறையில் போட்டு, உள்ளறை அலமாரியில் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியிலும், குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரிலும் வைக்காதீர்கள். அவ்வப்போது திறந்து பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப் பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் தாளை விட்டுப் பிரியாது. வெளிச்சத்தையும் அது தடுக்காது.

மூலத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று வீட்டில் சொன்னால், இடத்தை மாற்றுங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவர் மிக மோசம். சன்னல் இருக்கும் சுவரோ, உள்நடையோ நல்லது. திரைச்சீலை போடுங்கள். மேலே எரியும் டியூப் லைட்டை எல்இடியாக மாற்றுங்கள். ஆளில்லாத நேரத்தில் விளக்கை அணையுங்கள், மின்கட்டணமும் குறையும். புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் தாள் பிரேமுக்குள் போடலாம். அது உதவி மட்டுமே, உத்தரவாதம் அல்ல.

பட்டுப் புடவையை நம் பாட்டிமார் ஒருபோதும் வெயிலில் உலர்த்தியதில்லை. நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைப்பார்கள். ஆய்வகம் பார்க்காமலே அவர்கள் கண்டுகொண்ட வழி சரியானது; அதை மாற்ற வேண்டாம்.

பள்ளியில் பழைய படங்கள் காட்சிப் பெட்டிக்குள் இருந்தால், பெட்டியின் மேல் கனத்த துணி ஒன்றைத் தொங்கவிட ஆசிரியரிடம் கேளுங்கள். பார்க்க விரும்புபவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடட்டும். பெரிய அருங்காட்சியகங்களிலும் இந்த எளிய முறை உண்டு.

கடைசியாக ஒன்று. படத்தை வெளியே எடுக்கும்போதே தாத்தாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். யார் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு, படத்தின் பின்னால் ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். முகம் மங்காமல் இருந்தும், அது யாருடைய முகம் என்று சொல்ல ஆளில்லை என்றால் பாதிப் படம் போனதற்குச் சமம்.